சின்னக் கதவுக்கு மெழுகுவர்த்தி

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு, மம்மி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை அளவாய் இருக்கிறது, முதுகு எப்போதும் போல. நீயும் மாப்பிள்ளை க்ளெமென்டும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன். உடம்பு நலம், மனசுதான் நலமில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மம்மி சுற்றி வளைக்கிறாள் என்று சொல்லாதே. வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். குடும்ப க்ரூப்பில் எழுதினால் உன் ஜெஃப்ரி சித்தப்பா முதலில் படிப்பார். பேசி அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்டுவிட்டுக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பி வைப்பாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிற நம் கோயில் பங்குப் பெண் ஒருத்தி வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் பெட்டியில் இட்லிப் பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

சித்தப்பா சனிக்கிழமைதோறும் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டம் கூட்டிக்கொண்டு வருகிறாரே, பழைய மயிலாப்பூர் வாழ்க்கை என்று பெயர் வைத்து, அதைப் பற்றித்தான். அவர் வேலை பார்த்த டிராவல்ஸ் மூடின பிறகு மனுஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ செய்யட்டுமே என்று நானும்தான் சரி சொன்னேன். குளத்தில் ஆரம்பித்து மாடவீதியெல்லாம் சுற்றிவிட்டுக் கச்சேரி ரோடு வழியாக நம் வீட்டில் வந்து முடிப்பார், நான் காபி போட்டுக் கொடுப்பேன். ஆரம்பத்தில் எனக்குக்கூடப் பிடித்துத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத நாளில் மீனை எப்படி வைத்திருந்தீர்கள் ஆன்ட்டி என்று கேட்பார்கள், வைக்கவே மாட்டோம், காலையில் வாங்கினதை மத்தியானத்துக்குள் தின்று தீர்ப்போம், மிச்சக் குழம்பைச் சுண்டவைத்து மறுநாள் இட்லிக்குத் தொட்டுக்கொள்வோம் என்று சொல்வேன், ஆச்சரியப்படுவார்கள். போகப் போகக் கேள்விகளைப் பார்க்க வேண்டுமே. எத்தனை நாளைக்கு ஒரு முறை குளித்தீர்கள்? சேலைக்கு உள்ளே என்ன போட்டீர்கள்? வீட்டுக்குத் தூரமான பெண்கள் என்ன செய்தார்கள்? ஒரே ஹாலில் பதினோரு பேர் படுத்தால் பிள்ளை எப்படிப் பிறந்தது? இதைக் கேட்டவன் நரைத்த தாடிக்காரன், பக்கத்தில் அவன் பெண்டாட்டி இளித்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்துக்கு நேரே, என் வீட்டில், என் காபியைக் குடித்துக்கொண்டு. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. நானும் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவள், கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். ஆனால் இவர்களுக்குப் பதில் வேண்டாம் ஜொவிட்டா, வாயில் போட்டு மெல்ல ஏதாவது வேண்டும்.

அதற்குத் தீனி போடுவதில்தான் உன் சித்தப்பா கெட்டிக்காரர். உன் டாடியின் தாத்தா கட்டின வீடு இது, நூறு வயசுகூட ஆகவில்லை, அதைப் போர்ச்சுகீசியர் காலத்து வீடு என்று அடித்துவிட்டார். சரி, நம் ஆட்களுக்கு அந்தப் பெருமை ரத்தத்திலேயே ஊறினது, பங்கில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் தன் பாட்டன் கப்பலில் இருந்து இறங்கினான் என்பார், போகட்டும் என்று விட்டேன். அப்புறம் ஒருநாள் கொல்லைப் பக்கம் பழைய சைக்கிள் போட்டிருக்கும் அறையைத் திறந்து காட்டியிருக்கிறார். அதன் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் கதவு இருக்கிறதே, சந்துப் பக்கம் திறக்கிறது, அது என்ன என்று யாரோ கேட்க, இவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் சுரங்கப் பாதை என்று சொல்லிவிட்டார். எதிரிகள் வந்தபோது அந்தக் காலத்துச் சாமியார்கள் நற்கருணைப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இந்தக் கதவு வழியாகத் தவழ்ந்து கடற்கரைக்குத் தப்பினார்களாம். எந்த எதிரி என்றால் ஒரு வாரம் டச்சுக்காரன், மறுவாரம் ஹைதர் அலி. நான் சமையல் கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், சிரிப்புத்தான் வந்தது முதலில்.

அது என்ன கதவு என்று உனக்கு ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். எடுப்புக் கக்கூஸின் கதவு. உட்காரும் இடம் மேலே, கீழே தகர வாளி, காலையில் சந்து வழியாக ஆள் வந்து அந்தக் கதவைத் திறந்து கையை விட்டு வாளியை இழுத்து, கூடையில் கவிழ்த்து, சாம்பலைப் போட்டுத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாலைந்து வருஷம் வரைக்கும் அதுதான். பைப் கக்கூஸ் கட்டின பிறகுதான் அதை மூடினோம். உன் சித்தப்பா அதில் உட்கார்ந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாதா என்ன? அந்தக் கதவில்தான் இப்போது வருகிறவன் போகிறவன் எல்லாம் குப்புறப் படுத்துத் தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்கிறான். ஒரு அம்மாள் கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, இந்த அறையில் பழமைக்கே உள்ள ஒரு வாசனை இருக்கிறது என்றாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன், இல்லையென்றால் என்ன வாசனை என்று சொல்லியிருப்பேன்.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நம் அமலோற்பவம் டீச்சர் இருக்கிறாளே, மரியாயின் சேனை செபக் கூட்டத்தின் தலைவி, அவள் காதுக்கு விஷயம் போயிற்று. நற்கருணை கடந்துபோன இடமாயிற்றே என்று ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேரோடு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டுச் செபமாலை சொன்னாள். மறுவாரம் மெழுகுவர்த்தி. அதற்கடுத்த வாரம் சாமந்தி மாலை. எழுந்து போகும்போது ஒவ்வொருத்தியும் குனிந்து அந்த இரும்பை முத்தி செய்கிறாள், ஜொவிட்டா. உதட்டால். டீச்சருக்கு முட்டி வலி வேறு குறைந்துவிட்டதாம், அதைச் சாட்சியாகவே சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இது கக்கூஸ் கதவு டீச்சர் என்று சொன்னேன். ஃப்ளோரா, விசுவாசம் குறைந்த பேச்சு பேசாதே என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். கடைசியில் புதிதாக வந்த சின்ன ஃபாதரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் வந்து அந்த இடத்தை மந்திரித்துத் தரவேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார்கள். அவர் பாவம், திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை, அவருக்கு இந்தத் தெரு எப்படித் தெரியும்.

அப்போதுதான் உனக்குப் பேசி அனுப்பினேன், சித்தப்பாவிடம் நீயாவது ஒரு வார்த்தை சொல்லு, டாடிக்குப் பிறகு வீடு உன் பெயரிலும்தானே இருக்கிறது என்று. நீ என்ன பதில் போட்டாய் என்று நினைவிருக்கிறதா? விடு மம்மி, நல்ல கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று. இங்கே என் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் நம் வீட்டுச் சுரங்கத்தைக் காட்டினேன் என்று சிரிப்பு பொம்மை வேறு. யாருக்கு நஷ்டம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தக் கதவுக்கு வந்து வாளி எடுத்தது நம் பாஞ்சாலியம்மா. ஆமாம், உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை ஒடித்துவந்து தலைமாட்டில் வைத்தவள்தான், அவளுக்குக் கிறிஸ்துமஸ் கேக் எடுத்து வைத்தாயா என்று நீ இன்றைக்கும் போனில் விசாரிக்கிறாயே, அவள்தான். உனக்குத் தெரிந்தது அவள் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டின காலம். அதற்கு முன்னால் அவள் கை எந்தக் கதவுக்குள் போய் வந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மழை நாளில் கூடை ஒழுகி அவள் தோள் வழியாக இறங்கும். கை கழுவ உன் பாட்டி மேலே இருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், சொம்பு அவள் கையில் பட்டுவிடக்கூடாதென்று. பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிவிட்டு வந்த கையோடு ஊற்றுவார்கள். அதுதான் இந்த வீட்டின் சரித்திரம்.

போன செவ்வாய்க்கிழமை மணிமொழி அவளைக் கண் ஆபரேஷன் ஆனதைப் பரிசோதிக்க மயிலாப்பூருக்குக் கூட்டி வந்திருந்தாள். மணிமொழி அவள் மகள், ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்தபோது எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். கண்ணைக் காட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று கிழவி அடம் பிடித்து வந்திருக்கிறாள். அன்றைக்கு யாரோ வெளிநாட்டுக்காரர்கள் என்று சித்தப்பா தனியாக ஒரு கூட்டம் வைத்திருந்தார், முன்வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் கம்புமாக இவள் கேட்டுக்கு வந்து நின்றதும், உன் சித்தப்பா, அவளை நன்றாகத் தெரிந்த மனுஷன், என்ன சொன்னார் தெரியுமா? முன்னாடி கூட்டமா இருக்கும்மா, அப்படிச் சந்து வழியா பின்பக்கம் வந்துடுங்க என்றார். நான் ஜன்னலில் இருந்து கேட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார், அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது, யோசிக்காமலே வாயில் வந்திருக்கிறது பார். அவளும் சரி நைனா என்று சொல்லி, மணிமொழிக்குக்கூடக் காத்திராமல், யாரும் வழி காட்டாமல், கம்பைத் தட்டிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டாள்.

நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவள் கொல்லைக்குள் நுழைந்து அந்த அறை வாசலுக்குப் போய்விட்டாள். உள்ளே மெழுகுவர்த்தி எரிகிறது, பத்தி புகைகிறது, மாலை தொங்குகிறது, டீச்சர் கூட்டத்தில் இரண்டு பேர் முழந்தாளில் இருக்கிறார்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நன்றாகப் பார்த்தாள். இன்னாம்மா இது, இங்க யாருனா செத்துட்டாங்களா, பத்தி வாசனையா கீது என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு, பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், இருமல் வருகிற வரைக்கும். மூக்குல துணியக் கட்டிக்கினு வருவனே, அப்போ ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலியே என்றாள். அவள் சிரித்ததில் எனக்குக் கோபம் இன்னும் ஏறிற்று. முன்வாசல் வழியாக, அத்தனை பேருக்கும் நடுவில், கையைப் பிடித்து அழைத்து வந்து உன் டாடி நாற்காலியில் உட்காரவைத்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒரு வெள்ளைக்காரி மட்டும் அவளையும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை சித்தப்பாவைப் பிடித்து விளாசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தால் எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுவேன், யார் வந்தாள், யார் அள்ளினாள் என்று பேரோடு சொல்லுவேன் என்றேன். பயப்படுவார் என்று நினைத்தேன். தாடையைத் தடவிவிட்டு, அண்ணி, இது சுரங்கத்தை விட நல்லா இருக்கே என்றார். இப்போதெல்லாம் ஜனங்கள் உண்மைக் கதை கேட்கிறார்களாம். பாஞ்சாலியம்மாவைச் சனிக்கிழமை சனிக்கிழமை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து கதவுப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தால், வருகிறவர்கள் கேட்கிறதற்கு அவளே பதில் சொல்லுவாளாம், அவளுக்கும் கையில் ஏதோ கிடைக்குமாம். பழைய கூடை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார், ஜொவிட்டா. கூடை. தாடிக்காரனும் அவன் பெண்டாட்டியும் அவள் முன்னால் நின்று, எப்படி எடுத்தீர்கள், கையாலா, நாற்றம் தெரியாதா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மனுஷி இரண்டு தரம் அந்தக் கதவுக்கு வரவேண்டுமா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது, அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் மணிமொழி தனியாக வந்தாள். அந்த வெள்ளைக்காரி எடுத்த படம் எங்கேயாவது வந்துவிடுமா என்று கேட்டாள். அவள் மகள் தமிழ்மொழிக்குச் சித்திரையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பையன் வீட்டாருக்குப் பாட்டி கார்ப்பரேஷனில் இருந்து ரிட்டயர் ஆனவள் என்று மட்டும்தான் தெரியும். அவங்களுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுபூடும்மா, பொண்ணு படிச்சிக்கீது, வேலைக்குப் போய்க்கினு கீது, அதெல்லாம் ஒண்ணும் அவங்க மனசுல நிக்காது, இது ஒண்ணுதான் நிக்கும் என்றாள். நீங்க சுரங்கம்னே சொல்லிக்கினு இருங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வேன் சொல்? பொய்யை விட்டால் கக்கூஸ் கதவுக்குத் தீர்த்தம் தெளிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கிறது. அவள் அள்ளினது குற்றமாகிவிட்டது, நாம் அள்ள வைத்தது சரித்திரமாகிவிட்டது. இந்த ஊரை நினைத்தாலே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தச் செம்போடு வந்தார், பின்னால் டீச்சர் கூட்டம், சித்தப்பா அழைத்த ஆட்கள் வேறு, ஆழ்வார்பேட்டையில் இருந்து ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். நான் குறுக்கே போய் நின்று, மன்னிக்கணும் ஃபாதர், இது எடுப்புக் கக்கூஸ் கதவு, எங்கள் வீட்டில் எல்லாரும் மேலே உட்கார்ந்தோம், இந்தக் கதவு வழியாக ஒரு அம்மா கையை விட்டு அதை எடுத்துப் போனாள், இதில் நற்கருணை எல்லாம் போகவில்லை, வேறுதான் போயிற்று என்றேன். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டார். நல்ல பிள்ளை, குனிந்து தானே மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். அமலோற்பவம் டீச்சர் உதட்டை முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். இருந்தாலும் என் முட்டி வலி போனது போனதுதான் என்றாள் கடைசியில்.

அப்போது அந்த ஆழ்வார்பேட்டைப் பெண் போனை என் முகத்துக்குத் திருப்பி, அந்த அம்மா பேர் என்ன ஆன்ட்டி என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் இந்த வீட்டுக்கு வந்த கேள்விகளிலேயே அது ஒன்றுதான் கேள்வி. எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது பேர். சித்தப்பா வாயைத் திறக்கப் போனார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தெரியாது என்றேன். எத்தனை வருஷம் வந்தாங்க என்றாள். ரொம்ப வருஷம் என்றேன். தினமும் வந்தவங்க பேர்கூட உங்களுக்குத் தெரியாதா என்றாள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை என்றேன். அந்தப் பெண் போனைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள் பார், புழுவைப் பார்க்கிற மாதிரி, அத்தனை அருவருப்பு அந்த முகத்தில். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சித்தப்பா இரண்டு வேளையாகக் கோபித்துக்கொண்டு மாடியிலேயே சாப்பிடுகிறார், வஞ்சிர மீன் குழம்பு வைத்தால் இறங்கி வந்துவிடுவார். இனி சனிக்கிழமைக் கூட்டம் குளத்தோடு முடியும், நம் கேட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது சாம்பல் புதன் தாண்டித் தவக்காலம் தொடங்கியிருக்கும், நைட் டியூட்டி என்று வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதத்தை விட்டுவிடாதே, பாலாவது குடி, மாப்பிள்ளையை வற்புறுத்தாதே. உன் ஆஸ்பத்திரியில் கிழவர்களுக்குப் பெட்பேன் வைத்து எடுக்கிறாயே, கையுறை போட்டுக்கொண்டு, நன்றி சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டு, அப்போது ஒரு நிமிஷம் பாஞ்சாலியம்மாவை நினைத்துக்கொள், அது போதும். தமிழ்மொழி கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போகிறேன், உன் பங்கும் உண்டு. தேவதாயார் உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், சீக்கிரம் ஒரு பிள்ளைச் சத்தம் அந்த வீட்டில் கேட்கட்டும்.

ஒன்றே ஒன்று. உன் கூட வேலை செய்கிறவர்களிடம் அது சுரங்கம் இல்லை, கக்கூஸ் என்று கட்டாயம் சொல்லு. பேர் கேட்டால், உனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உன் மம்மி
ஃப்ளோரா இக்னேஷியஸ்